ஏற்காட்டில் எங்கள் பிள்ளைகளின் நத்தார்

2024 டிசம்பர் 21, சனி – சேலம்

இலங்கை மலையகத்தின் அட்டனிலிருந்து கொழும்புக்கு இறங்க ஒரு ராத்திரியே போய்விட்டது. கொழும்பிலிருந்து திருச்சிக்கு ஒரு மணி நேரம்தான். கடலைத் தாண்டுவது இவ்வளவு சுலபமா என்று பிள்ளைகள் ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டார்கள். பலருக்கு இதுதான் முதல் விமானப் பயணம்.

எங்கள் பங்கு ஆலயத்தின் இளைஞர் குழுவிலிருந்து 11 பேரை அழைத்து வந்திருக்கிறோம். எல்லோரும் பதினான்கிலிருந்து பதினேழு வயதுக்குள். அநேகமாக எல்லாருமே தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். அம்மா கொழுந்து எடுப்பார், அப்பா ஃபேக்டரியிலோ கொழும்பில் ஏதாவது கடையிலோ நிற்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் இவர்களுக்கு மறைக்கல்வி நடத்துவது நான். கூட இன்னொரு ஆசிரியரும் அவர் மனைவியும் வந்திருக்கிறார்கள்.

இந்த நத்தார் (கிறிஸ்துமஸ்) இரவில் போப் பிரான்சிஸ் உரோமையில் பேராலயத்தின் புனிதக் கதவைத் திறந்து, 2025ஆம் யூபிலி ஆண்டை, அதாவது கத்தோலிக்கரின் புனித ஆண்டைத் தொடங்கிவைக்கிறார். 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்பது அதன் கருப்பொருள். "வகுப்புல உக்காந்து பேசுறதுக்குப் பதிலா எங்கேயாவது போவோமே அக்கா" என்று ஆரம்பித்தது பிள்ளைகள்தான். பூசை முடிந்து ஆலய வாசலில் கேக்கும் கட்லட்டும் விற்றுப் பணம் சேர்த்தார்கள். எங்கள் பங்குத்தந்தையோடு படித்த குருவானவர் ஒருவர் சேலம் பக்கம் இருப்பதால் ஏற்காடு என்று முடிவானது.

முசிறி, தொட்டியம் வழியாகக் காவிரியை ஒட்டியே வேன் வந்தது. வாழைத்தோப்பும் வெயிலும். மலையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இத்தனை தட்டையான நிலம் புதிது. நாமக்கல்லில் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டோம். சால்னாவை வாளியில் கொண்டுவந்து கேட்காமலே ஊற்றினார்கள், திரும்பத் திரும்ப ஊற்றினார்கள். அதற்குத் தனிக் காசு இல்லை என்பதைப் பிள்ளைகள் பில் வந்த பிறகுதான் நம்பினார்கள். எந்த விலையைக் கேட்டாலும் மனதுக்குள் மூன்றரையால் பெருக்கிப் பார்க்கிறார்கள். இந்திய ரூபாய் ஒன்று இப்போது நம் காசில் ஏறக்குறைய அவ்வளவு. டீ 15 ரூபாய் என்றதும் ஒரு பையன், "ஐம்பத்திரண்டு ஐம்பது" என்று ரொம்பக் கவலையாகச் சொன்னான்.

படுக்கும் நேரத்தில் கொஞ்சம் அழுகை. ஊரில் இந்நேரம் கரோல் போய்க்கொண்டிருப்பார்கள். லயம் லயமாக, கிட்டாரும் டம்பரினும் டோர்ச்சுமாக. லயம் என்பது தோட்டத்து வரிசை வீடு, அதில் ஒரு குடும்பத்தின் அறை காம்பரா. ஒவ்வொரு காம்பராவிலும் தெரிந்த முகம், ஒரு வாய் பிளேன்டீ, ஒரு துண்டு கேக். அதை விட்டுவிட்டு வந்திருக்கிறோம் என்பது இன்றைக்குத்தான் இவர்களுக்கு உறைக்கிறது.

டிசம்பர் 22, ஞாயிறு – சேலத்திலிருந்து மலைக்கு

காலைப் பூசைக்கு நாலு ரோட்டில் இருக்கும் குழந்தை இயேசு பேராலயத்துக்குப் போனோம். சேலம் 1930இல் தனி மறைமாவட்டமானது. ஆலயம் பெரிது, கூட்டமும் பெரிது. எங்களைப் பார்த்ததும் புதியவர்கள் என்று தெரிந்துகொண்ட ஒரு குடும்பம் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தது. பதிலுரைகளெல்லாம் ஊரில் சொல்வதுபோலத்தான். பாட்டின் ராகம்தான் சில இடங்களில் வேறு.

இன்று திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிறு. நற்செய்தி வாசகம், மரியாள் மலைநாட்டுக்குக் கிளம்பிப்போய் எலிசபெத்தின் வீட்டில் நுழைகிற பகுதி. இன்று மத்தியானம் மலை ஏறப்போகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்! பிள்ளைகள் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். எனக்கு வேறொன்று மனதில் நின்றது. மரியாள் அங்கே விருந்தாளி. உதவி செய்யப் போனார் என்றுதான் எப்போதும் பிரசங்கம் கேட்டிருக்கிறோம், உண்மைதான். ஆனால் முதலில் அவர் வாசலில் நின்று வாழ்த்துச் சொல்கிறார், அந்த வீட்டார் அவரை ஏற்றுக்கொள்கிறார்கள். அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம்.

வெளியே வந்து தட்டுவடை செட் சாப்பிட்டோம். சேலத்துக்கு வந்துவிட்டு இதைச் சாப்பிடாமல் போகக்கூடாது. தள்ளுவண்டிக்காரர் உள்ளங்கையில் பாதி அளவு தட்டுவடையை எடுத்து, சிவப்புச் சட்னி ஒரு தடவல், பச்சைச் சட்னி ஒரு தடவல், அதன்மேல் துருவிய பீட்ரூட், கேரட், பொடியாக நறுக்கிய வெங்காயம் என்று வைத்து, இன்னொரு தட்டுவடையால் மூடி லேசாக அழுத்தினார். அழுத்தும்போது உடையக்கூடாது, சட்னி வெளியே வழியவும் கூடாது. அவர் கைக்கு அந்த அளவு தெரிகிறது. ஒரே வாயில் போட வேண்டும், கடித்தால் சிதறிவிடும். ஒரு பிளேட் 40 ரூபாய். "எந்த ஊருங்க கண்ணு?" என்று கேட்டார். சிலோன் என்றதும் பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு செட் கூடுதலாக வைத்தார். காசு நீட்டினேன். "புள்ளைங்களுக்குக் குடுத்ததுக்கு வாங்குவனா?" என்று கோபித்துக்கொண்டார்.

ஏற்காட்டுப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். டிரைவர் அண்ணன் எல்லோர் கையிலும் முன்கூட்டியே எலுமிச்சம்பழமும் பாலிதீன் பையும் கொடுத்திருந்தார். ஒரு பிள்ளைகூட வாந்தி எடுக்கவில்லை. தினமும் மலைப்பாதையில் பள்ளிக்கூடம் போகிறவர்கள் இவர்கள். மாத ஆரம்பத்தில் பெஞ்சல் புயல் இந்த மலையில் மழையாகக் கொட்டியதில் மண் சரிந்திருந்தது. அந்த இடங்களில் வேன் ஊர்ந்து போனது. அதே புயல்தான் நவம்பர் கடைசியில் எங்கள் நாட்டையும் வெள்ளக்காடாக்கிவிட்டு இந்தப் பக்கம் வந்தது. பிள்ளைகள் ஜன்னல் வழியே சரிந்த மண்ணைப் பார்த்துப் பேசாமல் வந்தார்கள். மண்சரிவு என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மேலே பனிமூட்டம். அதற்குள் ஒரு சிக்கல். தொலைபேசியில் பேசி முன்பணம் கட்டிய தங்குமிடத்தில் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் கையை விரித்துவிட்டார்கள். வெளிநாட்டினர் தங்கினால் 'ஃபார்ம் சி' என்ற விவரத்தை 24 மணி நேரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். அவர்களிடம் அந்த ஏற்பாடு இல்லையாம். "போன்ல தமிழ் பேசுனீங்க, நம்மூருன்னு நினைச்சோம்" என்றார் மேசையில் இருந்தவர். குரலில் மரியாதைக் குறைவு இல்லை. ஆனாலும் மாலை ஐந்தரை மணிக்கு, பனியில், பெட்டிகளோடு ரோட்டில் நின்றோம். விடுமுறைக் கூட்டம், வேறெங்கும் அறை இல்லை.

"நாங்க தமிழ்தானே அக்கா பேசுறோம்" என்றாள் ஒருத்தி. இந்தக் கேள்வியை எங்கள் ஊரிலும் வேறு விதமாகக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். எனக்கு நெஞ்சு அடைத்தது. சேலம் பக்கத்து அந்தக் குருவானவருக்குப் போன் போட்டேன். அவர் அரை மணி நேரத்தில் ஒரு துறவற இல்லத்தில் பேசி இடம் பிடித்துவிட்டார். வெளிநாட்டிலிருந்து அடிக்கடி ஆட்கள் வந்து தங்குகிற இல்லம் என்பதால் அந்தப் பதிவெல்லாம் அவர்களுக்குப் பழக்கம். ஒரு சகோதரி எங்கள் பாஸ்போர்ட்டுகளை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்துகொண்டிருந்த நேரத்தில் இன்னொருவர் ரசமும் சோறும் கொண்டுவந்து வைத்துவிட்டார். பிள்ளைகள் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

டிசம்பர் 23, திங்கள் – காப்பித் தோட்டம்

ஏற்காடு 1,515 மீட்டர் உயரம். காலையில் 13 டிகிரி என்று சொன்னார்கள். சகோதரிகள் சால்வையும் குல்லாவும் தேடி எடுத்து வந்தால், எங்கள் பிள்ளைகள் அரைக்கைச் சட்டையோடு முற்றத்தில் பந்து விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். நுவரெலியா குளிரைப் பார்த்தவர்களுக்கு இது ஒன்றும் பெரிதில்லை. ஆனால் கொடுத்ததை வாங்கிப் போட்டுக்கொள்ளச் சொன்னேன், போட்டுக்கொண்டார்கள்.

காப்பிப் பழம் பறிக்கிற காலம் இது. இல்லத்தை ஒட்டிய தோட்டத்தில் பெண்கள் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு பறித்தார்கள். கொழுந்துக் கூடையின் கயிறைத் தலையில் மாட்டுகிற அம்மாக்களின் பிள்ளைகளுக்கு அது உடனே கண்ணில் பட்டது. சவுக்கு மரங்களின் மேல் மிளகுக்கொடி ஏறியிருந்தது. உள்ளூரில் சவுக்கு என்று இந்த சில்வர் ஓக்கைத்தான் சொல்கிறார்கள். எங்கள் தோட்டங்களிலும் நிழலுக்கு இதே மரம்தான். ஒரு அக்கா நன்றாகச் சிவந்த பழம் ஒன்றைப் பறித்து விரலால் பிதுக்கிக் காட்டினார். தோல் வழுக்கி விலக, உள்ளே முதுகு வட்டமாகவும் வயிறு தட்டையாகவும் இரண்டு கொட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. மேலே கொழகொழவென்று ஒரு பசை. சப்பிப் பார்த்தால் இனிக்கிறது. காப்பி வாசனை கொஞ்சம்கூட இல்லை. பிள்ளைகள் நம்பாமல் மறுபடி மறுபடி மோந்து பார்த்தார்கள்.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். எங்கள் மலைநாட்டிலும் முதலில் காப்பிதான். 1869இல் இலைத்துரு நோய் வந்து சில வருடங்களில் காப்பியை அழித்ததால்தான் தேயிலை பரவியது. சேலம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஏழைகள் மன்னார்க் காடு வழியாக நடந்துபோனதும் முதலில் காப்பிக்காகத்தான். இதெல்லாம் பிள்ளைகளின் வரலாற்றுப் புத்தகத்தில் இருக்கிறது, பரீட்சைக்கும் எழுதுகிறார்கள். ஆனால் அந்தச் செடியைத் தொட்டது இன்றைக்குத்தான்.

மத்தியானத்துக்கு மேல் மனஸ்தாபம். பக்கத்தில் இருக்கும் சிறிய கிளைப்பங்கு ஆலயத்தில் நத்தார் பூசைக்குப் போகப் போகிறோம். எங்கள் பிள்ளைகள் ஊரிலேயே ஒரு நடனமும் நான்கு பாட்டும் தயார் செய்து, ஒரே துணியில் சட்டை பாவாடை தைத்து எடுத்து வந்திருக்கிறார்கள். அந்த ஊரின் உபதேசியார் மிகப் பணிவாகச் சொல்லிவிட்டார்: அவர்களுடைய பாடகர் குழு இரண்டு மாதமாகப் பாடிப் பழகியிருக்கிறது, நடனத்துக்கு ஊர்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். "நீங்க வந்து உக்காருங்க, அது போதும்." நாற்காலி இறக்கவும் குடில் கட்டவும் ஆள் குறைகிறது, மனமிருந்தால் வரலாம் என்றார்.

பிள்ளைகள் போனார்கள். குடிலுக்கு மரத்தண்டிலிருந்து பாசி சுரண்டினார்கள், மூங்கில் சுமந்தார்கள், நட்சத்திரத்துக்கு வயர் இழுத்தார்கள். முகம் மட்டும் தூக்கி வைத்தபடி. கிட்டார் வாசிக்கும் பையன் ஒரு வார்த்தை பேசவில்லை.

இரவு மின்சாரம் போயிற்று. மெழுகுவர்த்தியைச் சுற்றி உட்கார்ந்தோம். அவன்தான் ஆரம்பித்தான். "அப்ப எதுக்கு அக்கா ரெண்டு மாசம் பிராக்டிஸ் பண்ணோம்?" நியாயமான கேள்வி. ஊரில் இவர்கள்தான் எல்லாம். பாடுவது, ஆடுவது, வீடு வீடாகப் போவது, பரிசு கொடுப்பது எல்லாவற்றிலும் கொடுக்கிற பக்கமே நின்று பழகியவர்கள். அதை நான்தான் பழக்கினேன், அது நல்லதுதான். ஆனால் நேற்றுக் கேட்ட நற்செய்தியை ஞாபகப்படுத்தினேன். எலிசபெத்தின் வீட்டில் யார் முதலில் பேசுவது, யார் சமைப்பது, எங்கே படுப்பது என்பதை மரியாள் தீர்மானிக்கவில்லை. இன்னொருவர் வீட்டுப் பண்டிகையில் நமக்குக் கொடுத்த இடத்தில் சந்தோஷமாக உட்காருவது கஷ்டம். கொடுப்பதைவிட வாங்கிக்கொள்ள அதிகப் பணிவு வேண்டும். "அது நமக்கு வருதான்னு இந்த ரெண்டு நாள் பார்ப்போமா?" என்றேன். யாரும் சரி என்று சொல்லவில்லை. ஒரு பிள்ளை, "அப்ப அந்த உடுப்பு?" என்று கேட்டு அழுதாள். உடுப்பைப் பூசைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவானது.

டிசம்பர் 24, செவ்வாய் – நத்தார் இரவு

காலையிலிருந்து அடுக்களை. எங்கள் பெண்பிள்ளைகளும் இரண்டு பையன்களும் அச்சு முறுக்கு சுடப் பழகினார்கள். அச்சு எண்ணெயில் நன்றாகச் சூடாக வேண்டும், மாவில் முக்கால்வாசிதான் முக்க வேண்டும். முழுக்க முக்கினால் மாவு மூடிக்கொண்டு அச்சை விட்டு வராது. முதல் பத்து உடைந்தன, உடைந்ததெல்லாம் உடனே தின்று முடிந்தது. அடுக்களைச் சகோதரி ஒருவரையும் திட்டவில்லை. "உடைஞ்சாத்தான் ருசி" என்று சொல்லிக்கொண்டே மாவைக் கரைத்தார்.

சாயங்காலம் ஒண்டிக்கடைப் பக்கம் போய் மெழுகுவர்த்தியும் ஆரஞ்சும் வாங்கினோம். சுற்றுலாக் கூட்டத்தில் ரோடு அடைத்துக்கொண்டிருந்தது. மிளகாய் பஜ்ஜி வாசனை எல்லாப் பக்கமும். சாயங்காலத்துக்கு மேல் பனி இறங்கி, பத்தடி தள்ளி நிற்பவர் தெரியவில்லை.

பதினொன்றரைக்குப் பூசை. சின்ன ஆலயம், தகரக் கூரை. தோட்டத்து ஆட்கள், வீட்டு வேலை செய்கிறவர்கள், விடுமுறைக்கு வீடு வந்த பிள்ளைகள். உபதேசியார் சொன்னபடியே எங்களுக்கு முன்வரிசை வைத்திருந்தார்கள். பிள்ளைகள் கூச்சப்பட்டுப் பின்னால் நின்றார்கள். ஒரு பெரியவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். வானவர் கீதத்தின்போது மணியடித்து, குடிலின் திரையை விலக்கினார்கள். எங்கள் பிள்ளைகள் சுரண்டி வந்த பாசியின்மேல் வைக்கோல், அதன்மேல் பாலன். கிட்டார் பையன் தலையைக் குனிந்துகொண்டான். ஊர்ப் பிள்ளைகளின் நடனம் முடிந்தபோது முதலில் கை தட்டியது எங்கள் வரிசைதான். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

மறையுரையில் உரோமையின் புனிதக் கதவைப் பற்றிக் குருவானவர் சொன்னார். இதே இரவில் போப் சக்கர நாற்காலியில் வந்து கதவைத் திறக்கிறார் என்றபோது பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

திரும்பும் வழியில் தோட்டப் பாதையில் காட்டெருமை. முன்னால் போன உள்ளூர் அண்ணன் கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்தினார். டார்ச் வெளிச்சத்தில் முதலில் கால்கள்தான் தெரிந்தன, முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோல. அப்புறம்தான் எவ்வளவு பெரிய உடம்பு என்று புரிந்தது. யாரும் மூச்சு விடவில்லை. அது எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, காப்பிச் செடிகளுக்குள் இறங்கிப் போயிற்று. "நம்மளை அது ஒண்ணும் பண்ணாதுங்க, நம்மதான் அது வழில நிக்கக் கூடாது" என்றார் அண்ணன். பயத்தில் கேக்கைக் கீழே போட்டவன் அதை எடுத்துத் துடைத்துச் சாப்பிட்டுவிட்டான்.

டிசம்பர் 25, புதன் – மஸ்கெலியாப் பாட்டி

காலை பத்து மணிக்கு உபதேசியார் வந்தார். ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் எங்களில் இரண்டு பேருக்குச் சாப்பாடு என்று ராத்திரியே பிரித்துவிட்டார்களாம். யாரையும் கேட்கவில்லை, அவர்களே பேசி முடித்துவிட்டார்கள். எனக்கும் கிட்டார் பையனுக்கும் மேட்டுத் தெருவில் ஒரு பாட்டி வீடு.

ஓட்டு வீடு, திண்ணையில் காப்பிக்கொட்டை காய்கிறது. பாட்டிக்கு அறுபத்தேழு வயது. எங்களை உட்காரச் சொல்வதற்கு முன்பே கேட்டார்: "மலையில லைட்டு போட்டுட்டாங்களா?"

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பையனுக்குப் புரிந்துவிட்டது. "போட்டாச்சு பாட்டி, டிசம்பர் போயாவோட சீசன் தொடங்கிருச்சு" என்றான். யாத்திரைத் தலமான சிவனொளிபாதமலையைத்தான் கேட்கிறார். போயா என்றால் பௌர்ணமி. சீசன் காலத்தில் இரவெல்லாம் அந்த மலைப் படியில் எரியும் விளக்குகள் மஸ்கெலியாவிலிருந்து பார்த்தால் வரிசையாகத் தெரியும். பாட்டி பிறந்தது மஸ்கெலியாப் பக்கத் தோட்டமொன்றில். 1964ஆம் ஆண்டு இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் எங்கள் மலையக மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று எழுதினார்களே, அந்தக் கணக்கில் ஒருவராகப் பதினேழு வயதில் தலைமன்னாரில் கப்பல் ஏறியவர். அவருக்கு விருப்பமா என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்பா கையெழுத்துப் போட்டார், கிளம்பினார்கள். மண்டபம் முகாம், அப்புறம் வேறு வேறு ஊர், கடைசியில் இந்த மலை.

பேசிக்கொண்டே பிரியாணி பரிமாறினார். இந்தப் பக்கத்து வழக்கப்படி ஆட்டுக்கறிப் பிரியாணி, தயிர் வெங்காயம், கத்தரிக்காய்க் குழம்பு. ஓரத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் தேங்காய்ச் சம்பல்! எங்களுக்காகவே இடித்ததாம். மாசிக் கருவாடு கிடைக்கவில்லை என்று வருத்தப்பட்டார். பிரியாணிக்குச் சம்பல் தொட்டுச் சாப்பிடுவதை என் வாழ்க்கையில் இன்றுதான் செய்தேன். மிக நன்றாக இருந்தது.

மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் கட்டி, பழைய மஸ்கெலியா டவுன் தண்ணீருக்குள் போனபோது அவர் சிறுமி. "தண்ணி வத்துனா கோயில் தெரியுமாமே?" என்று கேட்டார். பையன் போனை எடுத்து, போன வரட்சியில் எடுத்த படத்தைக் காட்டினான். சேற்று நிறத்தில் கோயிலின் மிச்சச் சுவர்கள். பாட்டி போனை வாங்கி, கண்ணுக்குக் கிட்ட வைத்து, தள்ளி வைத்து, "இந்தப் பக்கந்தான் ரொட்டிக் கடை" என்று படத்தில் இல்லாத ஓர் இடத்தை விரலால் தொட்டார். மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். மகள் இங்கேயே பிறந்தவர். பார்த்துவிட்டு அம்மாவின் தோளில் கையை வைத்துக்கொண்டார்.

சாப்பிட்டானதும் பாட்டி பையனிடம் ஒரு பாட்டுக் கேட்டார். லயத்தில் கரோல் வரும்போது பாடுகிற பழைய பாலன் பாட்டு. அவனுக்குத் தெரியவில்லை. எனக்கு முதல் வரி மட்டும் அம்மா பாடிக் கேட்ட ஞாபகம். பாட்டியே தொடங்கினார். சுருதி எங்கோ இருந்தது, நடுவில் சொற்கள் விட்டுப்போயின. விட்ட இடத்தில் நின்று, திரும்ப முதலிலிருந்து வந்தார். பையன் கிட்டாரை எடுத்து அவர் குரலைப் பிடிக்கத் தடவினான். ஏறினார், ஏறினான். நின்றார், நின்றான். அவன் தயார் செய்து கொண்டுவந்த நான்கு பாட்டில் ஒன்றைக்கூடப் பாடவில்லை. பாட்டியின் பேத்தி பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்ல, சாயங்காலத்துக்குள் பாட்டியைப் போலவே இலங்கையிலிருந்து வந்து சேர்ந்த இன்னும் மூன்று குடும்பங்கள் அந்தத் திண்ணையில் கூடிவிட்டன. மற்றப் பிள்ளைகளும் தேடி வந்து சேர்ந்தார்கள். தலவாக்கலை, நோர்வூட், பொகவந்தலாவை என்று ஊர்ப்பேர்களாகவே பேச்சு. யாருடைய பாட்டனோ யாருடைய தோட்டத்திலோ கங்காணியாக இருந்தது தெரியவந்தது.

ஏழு மணிக்குக் கிளம்பும்போது பாட்டி பையனிடம் ஒன்று கேட்டார். அவர் இருந்த லயம் இன்னும் நிற்கிறதா என்று பார்த்துப் படம் அனுப்ப வேண்டும். தோட்டத்தின் பேர், டிவிஷன், எத்தனையாவது காம்பரா எல்லாம் சொன்னார். எழுதிக்கொள்ளத் தாள் இல்லை. மார்ச் மாதச் சாதாரணதரப் பரீட்சைக்குப் படிப்பதாகச் சொல்லித் தூக்கி வந்திருந்த கணக்குப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதிக்கொண்டான்.

டிசம்பர் 26, வியாழன் – ஊர் சுற்றல்

ஏரிக்கரையில் நிற்க இடமில்லை. படகுக்கு நின்ற வரிசையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டோம். பஜ்ஜி மட்டும் சாப்பிட்டோம்.

சேர்வராயன் கோயிலுக்குப் போனது நன்றாக இருந்தது. மலை உச்சியில் ஒரு குகைக்குள் கோயில், தலையைக் குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே சேர்வராயனும் காவிரி அம்மனும். இந்த மலையின் பழங்குடி மக்களான மலையாளிகளின் தெய்வம், மே மாதம் திருவிழா. சனிக்கிழமை பார்த்துக்கொண்டே வந்த அந்தக் காவிரியா என்று பிள்ளைகள் கேட்டார்கள். பூசாரி ஐயா நிதானமாகப் பதில் சொன்னார். காலணியைக் கழற்றி, சத்தம் போடாமல் நின்று வந்தார்கள். வெளியே காற்று ஆளைத் தள்ளியது.

டிசம்பர் 27, வெள்ளி – கீழே

காலையில் ஊரார் பொட்டலம் பொட்டலமாகக் கொண்டுவந்தார்கள். மிளகு, காப்பித்தூள், ஆரஞ்சு, அதிரசம். விமானத்தில் எடை கூடிவிடும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளைகள் தங்கள் துணிகளில் பாதியை இல்லத்தில் கொடுத்துவிட்டு இடம் பண்ணினார்கள். நடனத்துக்குத் தைத்த பாவாடை சட்டைகள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் போயின. யார் சொல்லிச் செய்தார்கள் என்று தெரியவில்லை, நான் பார்த்தபோது மடித்துக் கட்டி வைத்திருந்தது.

சேலத்தில் செவ்வாய்ப்பேட்டையில் இறங்கினோம். கொலுசுக்குப் பேர்போன இடம். வெள்ளி கிராம் தொண்ணூறு ரூபாய்க்கு மேல், கூலி தனி. மூன்றரையால் பெருக்கியதும் நான்கு பெண்கள் கையை எடுத்துவிட்டார்கள். ஒருத்தி மட்டும் கேக் விற்ற காசில் மிச்சம் பிடித்து, அம்மாவுக்கு மெல்லிய ஜோடி ஒன்று வாங்கினாள். கடைக்காரர் அரை மணி நேரம் பொறுமையாகக் காட்டினார், வாங்காதவர்களுக்கும் மோர் கொடுத்தார்.

வேனில் இப்போது பெரிய வாக்குவாதம். மஸ்கெலியாவுக்கு எப்போது போவது? ஜனவரியிலேயே போக வேண்டும் என்கிறது ஒரு கட்சி. லயத்தைப் பார்க்கத் தண்ணீர் வற்ற வேண்டியதில்லை, ஆனால் கோயிலையும் சேர்த்து எடுத்து அனுப்பினால்தான் பாட்டிக்குத் திருப்தி, அதற்கு மழைத் தண்ணீர் இறங்க வேண்டும், மார்ச்சில் பரீட்சை முடிந்து போகலாம் என்கிறது இன்னொரு கட்சி. கிட்டார் பையன் முதல் கட்சி. பொகவந்தலாவைக் குடும்பம் கேட்ட தோட்டத்துக்கு யார் போவது, நோர்வூட்டுக்கு யார், பஸ் காசுக்கு எத்தனை கேக் விற்க வேண்டும் என்று பேச்சு நீள்கிறது. பாட்டியின் பேத்தி வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கி எல்லாரையும் சேர்த்துவிட்டாள். காலையில் இறங்கும்போது கொண்டை ஊசி வளைவு முடிவதற்குள்ளேயே அதில் முப்பது செய்திகள்.